ரெண்டு நெட் கனெக்‌ஷன்... நடுவில் ஒரு ஸ்விட்ச் போட்டால் போதுமா?

"வீட்டுல ரெண்டு நெட் கனெக்‌ஷன் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு தானா வரணும். ஒரு ஸ்விட்ச் வாங்கி ரெண்டையும் அதுல சொருகிட்டா போதும்ல?" கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கும் கடைகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. "தாராளமா சார், அஞ்சு போர்ட் ஸ்விட்ச் ஒண்ணு போட்டுடுங்க" என்று சொல்லி, 1,000 ரூபாய்க்குள் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டிவிடுகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள்.

போதாது. போதாது என்பதுகூடப் பரவாயில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நெட்டையும் அந்தப் பெட்டி சேர்த்துக் குழப்பிவிடும் என்பதுதான் பிரச்சினை. இந்த வேலைக்கு வேண்டியது ஸ்விட்ச் அல்ல, ரெண்டு இன்டர்நெட் லைனை வாங்கிக்கொள்ளத் தெரிந்த ரவுட்டர். அதை வாங்கினாலும் வேலை முடிந்துவிடாது.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கவலை, நமக்கெதற்கு என்று முன்பு இருந்துவிடலாம். நெட் போனால் படம் பார்க்க முடியாது, அவ்வளவுதான். இன்று அப்படியில்லை. தெருமுனை இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளில் பத்து பேர் உட்கார்ந்திருக்கும்போது நெட் போனால், அந்தப் பத்து பேருக்கும் அன்றைய கூலி போச்சு. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண், கிளையன்ட் மீட்டிங்கின் நடுவில் காணாமல் போனால் அது அவருடைய அப்ரைசலில் எழுதப்படும். அதனால்தான் பலரும் மாதம் ஐந்நூறோ அறுநூறோ கூடுதலாகக் கொடுத்து ரெண்டாவது கனெக்‌ஷன் வாங்கி வைக்கிறார்கள். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்றால் நடுவில் உட்காரும் பெட்டி சரியானதாக இருக்க வேண்டும்.

பெயர் செய்த வம்பு

குழப்பத்துக்கு முதல் காரணம் அந்தப் பெயர். நம் ஊரில் ஸ்விட்ச் என்றாலே கரண்ட் ஸ்விட்ச்தான் நினைவுக்கு வரும். கல்யாண மண்டபத்தில் ஈபி கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு மாற்ற சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இருக்கும். த்ரீ பேஸ் வீடுகளில் ஒரு பேஸ் போனால் இன்னொன்றுக்குத் திருப்பிவிட ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள், நெட்வொர்க் ஸ்விட்ச்சும் 'இது போனால் அது' என்று மாற்றிவிடும் என நினைப்பதில் தப்பே இல்லை.

ஆனால், நெட்வொர்க் ஸ்விட்ச் எதையும் அப்படி மாற்றாது. அதன் வேலை வேறு. ஒரே வீட்டுக்குள், ஒரே ஆபீஸுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா இவற்றுக்கிடையே தகவலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் அது. ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கப்படும் மேக் முகவரி என்று ஒன்று உண்டு. எந்த மேக் முகவரி எந்த ஓட்டையில் சொருகியிருக்கிறது என்று ஸ்விட்ச் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். தகவல் வந்தால் பட்டியலைப் பார்த்து அந்த ஓட்டை வழியாக அனுப்பும். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி: 'எஃப்-3க்கு கூரியர்' என்றால் எந்த மாடி என்று சொல்வார். கூரியர் கம்பெனியின் வண்டி நடுவழியில் கவிழ்ந்ததா, வேறு கம்பெனியில் அனுப்பினால் சீக்கிரம் போகுமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இன்டர்நெட் என்று ஒன்று இருப்பதே சாதாரண ஸ்விட்ச்சுக்குத் தெரியாது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

(ஒரு இடைச்செருகல்: இன்று உலகம் முழுக்க இருக்கும் ஈதர்நெட் ஸ்விட்ச்களுக்கு முன்னோடியை 1990-ல் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் 'கல்பனா'. அதன் நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ், தன் மனைவியின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். 1994-ல் அதை சிஸ்கோ வாங்கிவிட்டது.)

ரெண்டு மோடத்தையும் ஸ்விட்ச்சில் சொருகினால் என்ன ஆகும்?

ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்கும்போது வீட்டில் ஒரு பெட்டி வைத்துவிட்டுப் போகிறார்களே, அதை எல்லோரும் மோடம் என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அதற்குள் ஃபைபர் ஒளியை மாற்றும் பகுதி, ஒரு சின்ன ரவுட்டர், வைஃபை மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த ரவுட்டர் பகுதிதான் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் 'உன் ஐபி முகவரி இது, வெளியே போகும் வாசல் நான்தான்' என்று சொல்கிறது. இப்படி முகவரி பிரித்துக் கொடுக்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர்.

ரெண்டு கம்பெனி மோடமும் ஒரே ஸ்விட்ச்சில் வந்தால் ஒரே வீட்டில் ரெண்டு பேர் 'வாசல் நான்தான்' என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் ரெண்டு மோடத்துக்கும் ஒரே முகவரிதான் இருக்கும்: 192.168.1.1. ஒரே கதவு எண்ணில் ரெண்டு வீடு. சில நிமிஷம் நெட் வரும், சில நிமிஷம் வராது. ஏன் என்று யாருக்கும் புரியாது.

சரி, ஒன்றை 192.168.1.2 என்று மாற்றிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு பந்தயம் தொடங்கும். போனை ஆன் செய்ததும் 'எனக்கு யாராவது முகவரி கொடுங்க' என்று அது கத்துகிறது. ஸ்விட்ச் அந்தக் கத்தலை எல்லா ஓட்டைக்கும் அனுப்பும். ரெண்டு மோடமும் பதில் சொல்லும். பெரும்பாலும் எது முதலில் சொன்னதோ அதை போன் பிடித்துக்கொள்ளும். அப்பாவின் லேப்டாப் முதல் லைனில், அம்மாவின் போன் ரெண்டாவது லைனில், டிவி மறுபடி முதல் லைனில். யார் எதில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது முக்கியமான கட்டம். கார்ப்பரேஷன் ஆள் பள்ளம் தோண்டும்போது முதல் லைனின் ஃபைபர் அறுந்துவிட்டது. வீட்டில் என்ன நடக்கும்? மோடத்துக்கு கரண்ட் இருக்கிறது. சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் மினுக்கும். ஆனால், அது ஸ்விட்ச்சோடு பேசிக்கொண்டேதான் இருக்கும். 'வாசல் நான்தான்' என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். கேட்பவர்களுக்கு முகவரியும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்பாவின் லேப்டாப் அந்த வாசலிலேயே போய் முட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே ரெண்டாவது லைன் கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் லேப்டாப்புக்கு அது தெரியாது. கொடுத்த முகவரி பல மோடம்களில் 24 மணி நேரம் செல்லும் என்பதால், தானாக மாறும் என்று காத்திருந்தால் மறுநாள்தான். மறுநாளும் அதே மோடமே முந்திக்கொண்டால் அதுவும் இல்லை.

ஆக, ஸ்விட்ச் போட்டதால் கிடைத்தது என்ன? முன்பு ஒரு லைன் போனால், 'நெட் போச்சு, அடுத்த வைஃபைக்கு மாறு' என்று தெளிவாக இருந்தது. இப்போது வீட்டில் பாதிப் பேருக்கு நெட் இருக்கிறது, பாதிப் பேருக்கு இல்லை. கஸ்டமர் கேர் ஆளும் 'மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

இதற்கு, ரெண்டு வைஃபையையும் தனித்தனிப் பெயரில் விட்டுவிட்டு, தேவைப்படும்போது கையால் மாறிக்கொள்வது எவ்வளவோ மேல். செலவும் இல்லை. ஒரே ஒரு லேப்டாப்பில் வேலை பார்ப்பவர் என்றால் எதுவுமே வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டால் முடிந்தது.

'ஆனா ஸ்விட்ச்லயும் ஃபெயில்ஓவர் உண்டே' என்று நெட்வொர்க் படித்த தம்பிகள் கிளம்பி வருவார்கள். உண்டு, மறுக்கவில்லை. விலை கூடிய ஸ்விட்ச்களில் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு இருக்கிறது. ரெண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவே ரெண்டு கேபிள் போட்டால் ஒன்றை அடைத்து வைத்து, முதல் கேபிள் அறுந்ததும் அடைத்ததைத் திறந்துவிடும். 1985-ல் ரேடியா பெர்ல்மன் என்ற பொறியாளர் உருவாக்கிய அருமையான யோசனை. ஆனால், அது கட்டடத்துக்குள் ஓடும் கேபிளுக்கான மாற்று வழி, இன்டர்நெட்டுக்கான மாற்று வழி அல்ல. 1,000 ரூபாய் ஸ்விட்ச்சில் பெரும்பாலும் அதுவும் இருக்காது. அதில் தெரியாமல் ஒரே கேபிளின் ரெண்டு முனையையும் சொருகிவிட்டால் தகவல் சுற்றிச் சுற்றி ஓடி மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும்.

ரவுட்டர் என்ன செய்கிறது?

டூயல் வேன் ரவுட்டர் என்று கேட்டால் கடையில் தெரியும். 'வேன்' என்பது வண்டி இல்லை, வெளியிலிருந்து இன்டர்நெட் வந்து நுழையும் ஓட்டை. சாதாரண ரவுட்டரில் அது ஒன்று, இதில் ரெண்டு. ரெண்டு மோடமும் இந்த ரவுட்டருக்குள் வரும். வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிக்கும் வாசல் ஒன்றுதான், இந்த ரவுட்டர். பின்பக்கம் எந்த லைன் வழியாக அனுப்புவது என்பதை அது பார்த்துக்கொள்ளும். முன்னால் இருப்பவர்கள் எதையும் மாற்ற வேண்டாம்.

எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கேபிள் சொருகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ரவுட்டர் பயனில்லாதது. ஃபைபர் அறுந்தாலும் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் கேபிள் நல்லாத்தானே இருக்கு? 'லைன் உயிரோட இருக்கு' என்று அது நம்பிவிடும். நல்ல ரவுட்டர் வெளியே போய்த் தட்டிப் பார்க்கும். சில வினாடிக்கு ஒருமுறை 8.8.8.8, 1.1.1.1 மாதிரி இன்டர்நெட்டில் எப்போதும் விழித்திருக்கும் முகவரிகளுக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும். தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லை என்றால் 'இந்த லைன் செத்துப்போச்சு' என்று முடிவு செய்து அடுத்ததற்குத் தாவும். 5 வினாடிக்கு ஒருமுறை தட்டினால் 15 வினாடியில் மாறிவிடும். இன்னும் அவசரப்படுத்தலாம், ஆனால் வேண்டாம். நெட் கொஞ்சம் தும்மினாலே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தாவிக்கொண்டே இருக்கும்; அது நெட் இல்லாததைவிட எரிச்சல். ஒரே முகவரியை மட்டும் நம்பாமல் ரெண்டு முகவரி கொடுப்பதும் நல்லது.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ரெண்டு வேன் இருக்கா என்பது மட்டுமல்ல. 'லைன் டெட்டான்னு எப்படிச் செக் பண்ணும், பிங் முகவரியை நாம போட முடியுமா?' என்றும் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் பெட்டியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

'கேபிள் இருக்கு, ஆனா நெட் இல்லை' என்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு உலகறிந்த உதாரணம் கனடாவில் நடந்தது. 2022 ஜூலை 8 அன்று அந்நாட்டின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்றான ரோஜர்ஸின் நெட்வொர்க் மொத்தமாகப் படுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். மையத்தில் இருந்த ரவுட்டர்களில் செய்த ஒரு மாற்றம்தான் காரணம். நெட்வொர்க்கின் உள்ளே எல்லாம் செத்துப்போயிருந்தது, ஆனால் மொபைல் டவர்கள் சிக்னல் கொடுத்துக்கொண்டே இருந்தன. விளைவு, பல போன்கள் 'சிக்னல் இருக்கே' என்று ரோஜர்ஸிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. 911 என்ற அவசர அழைப்புக்காகக்கூட மற்ற கம்பெனி டவருக்குத் தாவவில்லை. டவர்களை அணைத்துவிடலாம் என்றால், அதற்குள் நுழையவும் அதே நெட்வொர்க்தான் வழி என்பதால் ஊழியர்களாலும் உடனே முடியவில்லை. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே 'வாசல் நான்தான்' என்று சொன்ன நம் வீட்டு மோடத்தின் பெரிய அண்ணன் இது.

அதே நாளில் கனடாவில் டெபிட் கார்டு பணப் பரிவர்த்தனையும் நின்றது. இன்டராக் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. அது ரோஜர்ஸ் லைனை நம்பி இருந்தது. பிறகுதான் இன்னொரு நிறுவனத்தின் லைனையும் சேர்ப்பதாக அறிவித்தது. ஒரு நாட்டின் பணப் பரிவர்த்தனைக்கே இந்தக் கதி என்றால், நம் மருந்துக்கடையைக் குறை சொல்லி என்ன பயன்?

எதிர்பார்க்கக் கூடாதவை

டூயல் வேன் ரவுட்டர் விற்பவர்கள் சொல்லாமல் விடும் சில விஷயங்கள் உண்டு. லைன் மாறும் நொடியில் வெளியுலகுக்குத் தெரியும் உங்கள் ஐபி முகவரி மாறிவிடும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் தொடர்புகள் அறுந்து, மறுபடி புதிதாகப் பிடிக்க வேண்டும். வீடியோ மீட்டிங் சில வினாடி உறைந்து திரும்பி வரும். அலுவலக விபிஎன் துண்டித்து மறுபடி இணையும். வங்கித் தளம் சில நேரம் 'மறுபடி லாகின் செய்க' என்று சொல்லும். அடிக்கிற சுவடே தெரியாமல் மாறுவதற்கு வேறு ஏற்பாடுகள் வேண்டும், அவை வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்து வேகம். 'நூறும் நூறும் சேர்ந்தா இருநூறு வருமா?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே டவுன்லோடுக்கு வராது. ரெண்டு லைனையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் லோடு பேலன்சிங் வசதி இந்த ரவுட்டர்களில் இருக்கும். அது ஒரு தொடர்பை இந்த லைனிலும் அடுத்ததை அந்த லைனிலும் போடும். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் பிரித்துக் கொடுக்கும். ஆனால் வங்கி, அரசுத் தளங்களில் ஒருவரே ரெண்டு முகவரியிலிருந்து வருவதுபோல் தெரிந்து, சந்தேகப்பட்டு வெளியே தள்ளிவிடும். இ-சேவை மையம் நடத்துபவர்கள் லோடு பேலன்சிங்கை அணைத்துவிட்டு, ஒன்று பிரதானம், ஒன்று ரிசர்வ் என்று வைத்துக்கொள்வதே நிம்மதி.

டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கிறது. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிக் கொடுக்கும் டைரக்டரி. முதல் கம்பெனியின் டிஎன்எஸ்ஸை ரவுட்டரில் எழுதி வைத்திருந்தால், ரெண்டாவது லைனுக்கு மாறிய பிறகு அது பதில் சொல்லாமல் போகலாம். லைன் மாறியிருக்கும், ஆனால் எந்தத் தளமும் திறக்காது. 'ரவுட்டர் டப்பா' என்று அதன்மேல் பழி விழும். எல்லோருக்கும் பதில் சொல்லும் பொது டிஎன்எஸ் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அதேபோல முகவரி வரிசை. ரெண்டு மோடமும் 192.168.1 வரிசையில் இருந்து, ரவுட்டரும் அதே வரிசையில் இருந்தால் எந்தப் பக்கம் போவது என்று ரவுட்டருக்கே தெரியாது. மூன்றையும் மூன்று வரிசையில் வையுங்கள். ஒன்று 192.168.1, ஒன்று 192.168.2, உள்ளே 192.168.50. பலர் சொருகியதும் வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுப்பது இந்த ஒரே காரணத்துக்காகத்தான்.

சிசிடிவி கேமராவை வெளியூரிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்க: சிம் வழியாக வரும் ரிசர்வ் லைனில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இருக்காது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே முகவரியைப் பங்கிட்டுக்கொள்வார்கள். வெளியிலிருந்து நேராக வீட்டு முகவரிக்கு வந்து பார்க்கும் வகைக் கேமரா அப்போது தெரியாது. கம்பெனியின் செயலி வழியாகப் பார்க்கும் வகை தெரியும்.

ஒரே கம்பத்தில் ரெண்டு லைன்

இனி, நான் பெரிதாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல ரவுட்டர் வாங்கியாச்சு, சரியாகப் போட்டாச்சு. ஆனால், ரெண்டு கனெக்‌ஷனும் வீட்டுக்கு எப்படி வருகின்றன என்று ஒருமுறையாவது வாசலில் நின்று பார்த்தீர்களா? நம் தெருக்களில் ரெண்டு கம்பெனி ஃபைபரும் ஒரே மின்கம்பத்தில், ஒரே கொத்தாகத் தொங்குகின்றன. லாரி ஒன்று கொஞ்சம் உயரமாக லோடு ஏற்றிக்கொண்டு வந்தால் ரெண்டும் சேர்ந்து அறுந்து விழும். சில ஊர்களில் பெயர்ப்பலகை ரெண்டு கம்பெனியாக இருக்கும், கடைசி அரை கிலோமீட்டரை இழுத்திருப்பவர் ஒரே கேபிள் ஆபரேட்டராக இருப்பார். இப்படி ரெண்டு லைன் வைத்திருப்பது, ஸ்டெப்னி டயரையும் பஞ்சரான நிலையில் வண்டியில் வைத்திருப்பது மாதிரி.

ரெண்டாவது லைன் வேறு வழியில் வர வேண்டும். ஒன்று ஃபைபர் என்றால் இன்னொன்று காற்றில் வரட்டும். டவரிலிருந்து 5ஜி அலையை வாங்கி வீட்டுக்கு நெட் கொடுக்கும் சேவைகள் 2023-லிருந்து நம் நாட்டில் கிடைக்கின்றன. அது இல்லாத ஊரில் சிம் போடும் 4ஜி ரவுட்டர் போதும். கடை பில்லிங்குக்கும் ஆன்லைன் விண்ணப்பத்துக்கும் பெரிய வேகம் தேவையே இல்லை. யுபிஐ பணம் வந்ததும் சத்தம் போடுகிறதே அந்த ஸ்பீக்கர் பெட்டி, அதற்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது. கடை நெட் போனாலும் அது பேசுவது அதனால்தான்.

சிம் ரிசர்வ் என்றால் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். லைன் மாறியது தெரியாமல் இருந்துவிட்டால், கேமரா பதிவும் விண்டோஸ் அப்டேட்டும் அன்றைய டேட்டாவை மதியத்துக்குள் குடித்துவிடும். லைன் மாறியதும் மெயிலோ செயலி அறிவிப்போ அனுப்பும் ரவுட்டராக இருந்தால் நல்லது.

காற்றில் வருவதும் எல்லா நேரமும் காப்பாற்றாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் தென்பகுதியில் வெள்ளம் சூழ்ந்த இடங்களில் மின்சாரமும் போய், மொபைல் சிக்னலும் போனது. அந்த அளவு பேரிடருக்கு வீட்டு ரவுட்டரிடம் பதில் இல்லை. மாதத்தில் நாலு தடவை வரும் சாதாரணத் தடங்கலுக்குத்தான் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதில் பெரும்பங்கு கரண்ட்டால் வருவது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்த ஒரு கணத்தில் மோடம் அணைந்துவிட்டால், மறுபடி எழுந்து லைனைப் பிடிக்க ரெண்டு மூன்று நிமிஷம் ஆகும். ரெண்டு மோடம், ஒரு ரவுட்டர் என மூன்றும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழுந்தால் ஃபெயில்ஓவருக்கு அங்கே என்ன வேலை? 12 வோல்ட் கொடுக்கும் சின்ன டிசி யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. பலருக்கு ரெண்டாவது கனெக்‌ஷனைவிட முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பேன். முதல் லைன் எத்தனை தடவை போனது, அதில் கரண்ட்டோடு போனது எத்தனை என்று ஒரு மாதம் காலண்டரில் குறித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு செலவு செய்யலாம்.

ஸ்விட்ச் எங்கே வர வேண்டும்?

ஸ்விட்ச்சே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரவுட்டருக்கு முன்னால் போடாதீர்கள், பின்னால் போடுங்கள் என்கிறேன். டூயல் வேன் ரவுட்டரில் பெரும்பாலும் ஐந்து ஓட்டைதான். ரெண்டு உள்ளே வரும் லைனுக்குப் போனால் மிச்சம் மூன்று. கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா பெட்டி, வைஃபை என்று சேர்ந்தால் போதாது. அங்கே அந்த 1,000 ரூபாய் ஸ்விட்ச் தங்கம். இந்த ரவுட்டர்கள் பலவற்றில் வைஃபை இருக்காது என்பதையும் கவனியுங்கள். பழைய வைஃபை ரவுட்டரை டிஎச்சிபியை அணைத்து, அதன் வேன் ஓட்டையை விட்டுவிட்டு மற்ற ஓட்டையில் சொருகினால் வெறும் வைஃபை பெட்டியாக உழைக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வி-லேன் பிரிக்கத் தெரிந்த மேனேஜ்டு ஸ்விட்ச்சில் ரெண்டு லைனையும் தனித்தனியாகப் பிரித்து, ஒரே கேபிளில் ரவுட்டருக்குக் கொண்டுபோகலாம். ரவுட்டர் ஒரு மூலையிலும் மோடம்கள் வேறு மூலையிலும் இருக்கும் ஆபீஸ்களில் இது கைகொடுக்கும். அங்கேயும் எந்த லைன் என்று முடிவெடுப்பது ரவுட்டர்தான். ஸ்விட்ச் வெறும் வழி.

செலவைப் பொறுத்தவரை, தொடக்கநிலை டூயல் வேன் ரவுட்டர் 5,000 ரூபாய் அளவில் கிடைக்கிறது. கைவேலை தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஓப்பன்டபிள்யுஆர்டி ஏற்றக்கூடிய பழைய ரவுட்டரிலேயே இதைச் செய்துவிடலாம். அதற்கென்றே இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால், கடைக்கோ கிளினிக்குக்கோ அப்படிச் செய்யாதீர்கள். செய்து கொடுத்த தம்பி வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டால் அதைத் தொட ஆள் இருக்காது.

இணைய சேவை நிறுவனங்களிடமும் ஒரு வார்த்தை. மோடத்தை பிரிட்ஜ் முறையில் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டால் 'அப்படி ஒண்ணு இல்லை சார்' என்று சொல்லும் பழக்கம் போக வேண்டும். பிரிட்ஜ் முறையில் மோடம் வெறும் ஒளிமாற்றியாக நின்று, ரவுட்டர் வேலையை வாடிக்கையாளரின் ரவுட்டரிடம் விட்டுவிடும். மேலே சொன்ன முகவரிக் குழப்பங்களில் பாதி அதோடு தீரும். மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டைக்கூடத் தர மறுத்து, ஐபி வரிசையை மாற்றவும் ஆள் அனுப்புகிறேன் என்பது நியாயமில்லை. மாதாமாதம் பணம் கட்டுபவர், தன் வீட்டுக்குள் முகவரி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யக்கூடாதா?

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, மாட்டியவர் கிளம்பும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். மோடத்தின் கரண்ட்டைப் பிடுங்கிக் காட்டுவார். அதை ஏற்காதீர்கள், அதை எந்த ரவுட்டரும் கண்டுபிடித்துவிடும். கரண்ட் அப்படியே இருக்க, மோடத்தின் பின்னால் இருக்கும் பச்சை முனை ஃபைபரை மட்டும் அவரையே கழற்றச் சொல்லுங்கள். முனையை உற்றுப் பார்க்க வேண்டாம், கையால் தொடவும் வேண்டாம். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் காத்திருங்கள். தளம் திறக்கிறதா? பிறகு ஃபைபரைத் திரும்ப மாட்டச் சொல்லி, ரவுட்டர் மறுபடி முதல் லைனுக்கு வருகிறதா என்றும் பாருங்கள். சிலது போகும், திரும்பி வராது. மாசக் கடைசியில் டேட்டா பில்லைப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.